பச்சை எரிந்த பெயர்

விடியும்போதே கலந்தருக்கு வலது தோள் குத்தத் தொடங்கிவிட்டது. கூதல் காற்று வீசினால் அது அப்படித்தான். எலும்புப் பொருத்துக்குள் ஈர மணலைப் போட்டு யாரோ திருகுவதுபோல மெதுவாக ஆரம்பிக்கும். பிறகு கழுத்துக்கு ஏறும், முழங்கை வரை இறங்கும். நெஞ்சு மட்டத்துக்கு மேலே கையைக் கொண்டுபோனால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சட்டைக்குள் அந்தக் கையை நுழைக்க மனைவி றாஹிலா வந்து உதவ வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தளத்தி உடுங்க. மரக்கட்ட மாதிரி நிண்டா நான் எப்பிடிப் போடுற?"

"நோகுது புள்ள."

"நோகுற கைய வெச்சிக்கிட்டு என்ன மெம்பர் வேல?"

"இனி மெம்பர் வேலைக்குக் கை தேவல்ல. மெசின் வந்திட்டு. ஒரு விரல் போதும்."

கரைவலை இழுத்த தோள் அது. கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற கூட்டத்தில், மீசை முளைத்த காலத்திலிருந்து அவன் ஒருவன். ஒரு நாள் வலை கல்லில் மாட்டிக்கொள்ள, கயிறு வெடுக்கென்று பின்னுக்குப் போனதில் தோள் கழன்றது. இழுத்துப் பொருத்திக் கட்டினார்கள். பொருந்தியது, ஆனால் பழைய தோளாக வரவில்லை. கயிற்றில் நிற்க முடியாதவனுக்குக் கரையில் என்ன வேலை. தேர்தல் வந்ததும் வாடிக்காரர்கள் கூடிப் பேசி அவனைப் பிரதேச சபைக்குப் போட்டியிட வைத்தார்கள். வலையும் கயிறும் வைத்து, வெயில் மழைக்கு ஒதுங்குகிற கிடுகுக் கொட்டில்கள்தான் வாடி. அந்தக் கொட்டில்களை நம்பி ஒரு கரை முழுக்கச் சோறு தின்கிறது.

"இழுக்கத்தான் உனக்கு ஏலா," என்று சொன்னார் அபூசாலி. அவனோடு ஒரே கயிற்றில் இத்தனை காலமும் முன்னால் நின்று இழுத்தவர், அவன் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவர். "அங்க போய் எங்களுக்காகக் கைய உயத்திக்கிட்டாவது இரு."

பார்த்தால் அதுதான் அவனால் ஏலாத வேலை. சபையில் வாக்கெடுப்பு என்றால் கையை உயர்த்த வேண்டும். வலது கை எழும்பாது. இடது கையை உயர்த்தினால் மண்டபம் முழுக்கச் சிரிப்பு. 'இடக்கை மெம்பர்' என்று பெயரும் விழுந்துவிட்டது. எனவே இயந்திரம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது சபையிலேயே அதிகம் சந்தோசப்பட்டவன் கலந்தர்தான்.

ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில் வந்த சாமான் அது. கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து, மண்டபத்தில் வட்டமாகக் கிடந்த கதிரைகளுக்கு இடையே பெட்டிகளைப் பூட்டினார்கள். கதிரை, பெட்டி, கதிரை, பெட்டி என்று சுற்றிவர ஒரு முழு வட்டம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். ஆதரவென்றால் பச்சை, எதிர்ப்பென்றால் சிவப்பு. சுவரில் ஒரு கறுப்புப் பலகை, அதில் உறுப்பினர் எல்லாரின் பெயரும். மணி அடிக்கும்வரை பலகை இருட்டாகவே கிடக்கும். யாராவது மனம் மாறித் திரும்ப அழுத்தினால் கடைசியாக அழுத்தியதுதான் கணக்கு. மணி அடித்ததும் பெயர்களுக்கு நேரே விளக்கு எரியும், கூட்டுத்தொகை அடியில் தானாக வரும். எப்படி அழுத்துவது என்று அவர்கள் நின்று காட்டவும் செய்தார்கள். அன்றைக்குப் புரியாணி வந்திருந்தது. மண்டபத்தில் பாதிப்பேருக்குக் கண் வாசற்பக்கம்.

முதல் வாக்கெடுப்புக்கு வந்ததே வாடிகளின் விசயம்தான். வாடிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கடற்கரைப் பூங்கா கட்டுவது என்று பிரேரணை. கலந்தர் ஒவ்வொரு உறுப்பினரின் வீட்டுக்கும் நடந்தான். வயற்பக்கத்துத் தமிழ் வட்டாரத்தின் உறுப்பினர் சாமித்தம்பி, வேளாண்மைக்காரர். வாசலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, கடல் உங்களுக்கு வயல் மாதிரி. வரம்ப வெட்டுறவனோட நான் நிக்க மாட்டன்." அவரோடு சேர்த்துப் பார்த்தபோது பாதிக்குப் பாதி. சமமாக வந்தால் பிரேரணை விழுந்துவிடும் என்பது சபையின் விதி. கலந்தர் வாடிக்குப் போய், "பயப்படாம இழுங்க, விழுத்திட்டம்," என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

சபையில் கட்சி கட்சியாகத்தான் உட்காருவார்கள். பூங்கா வேண்டுமென்கிறவர்கள் அரை வட்டம், வேண்டாமென்கிறவர்கள் அரை வட்டம். கலந்தர் இருந்தது எல்லையில். அவனுக்கு இடப்பக்கம் சித்தி லைலா என்ற பெயருடைய மாதர் சங்கத் தலைவி. பின்னேரத்தில் பெண்பிள்ளைகள் காற்று வாங்கக் கடற்கரையில் ஒரு இடம் இல்லையே என்று பூங்காவுக்காக ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கியவர். வலப்பக்கம் சாமித்தம்பி.

அன்று காலைக் கூட்டத்தில், பூங்காக் கட்சியைச் சேர்ந்த தவிசாளர் மிஹ்லார் பிரேரணையை வாசித்து, "அமத்துங்க," என்றார்.

வட்டம் முழுக்கக் கைகள் நீண்டன. கலந்தருக்கு வலது கை மடியிலேயே செத்துக் கிடந்தது. நல்ல காரியத்தை இடது கையால் செய்கிறோமே என்ற கூச்சத்தோடு, 'ரப்பே, பிழை பொறு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அல்லாஹ்வின் பெயரால் தொடங்கும் பிஸ்மியும் சொல்லி, இடது கையை நீட்டிப் பக்கத்துப் பெட்டியின் சிவப்பை அழுத்தினான். அழுத்தியதும் கையை எடுத்துக்கொண்டு உடனே சாமித்தம்பி பக்கம் திரும்பினான். மனிதன் சொன்ன சொல்லில் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டுமே. சாமித்தம்பி தன் தடித்த கட்டைவிரலால், நாற்று ஊன்றுகிறவர்போல, சிவப்பை ஆழமாக அழுத்திக்கொண்டிருந்தார். கலந்தருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மணி அடித்தது. பலகை எரிந்தது.

கலந்தர் என்ற பெயருக்கு நேரே பச்சை.

கண்ணைக் கசக்கிப் பார்த்தான். பச்சைதான். அடுத்த பெயர் சாமித்தம்பி, அதற்கு நேரே ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. வட்டத்தின் மற்ற எல்லையில் இருந்தவன் றினாஸ், மிஹ்லாரின் சொந்தக் கட்சிக்காரன். அவனுக்கு நேரே சிவப்பு. பூங்கா ஒரு வாக்கால் வென்றிருந்தது.

றினாஸ் எழும்பினான். "தவிசாளர், எனக்கு ஏன் சிவப்பு எரியுது? நான் பச்சையத்தானே அமத்தின."

"நாம வெண்டாச்சு. குந்து," என்றார் மிஹ்லார்.

"நானும் அமத்தினனான்," என்றார் சாமித்தம்பி. "என்ட எங்க?"

"அமத்தி இருந்தா எரியுமே அண்ணன். மெசினுக்குக் கட்சி இல்ல."

கலந்தர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். சித்தி லைலா அவன் பக்கம் சாய்ந்து, "தம்பி, நீங்க எங்களுக்குத் தருவீங்க எண்டு நான் கனவுலயும் நினைக்கல்ல. அல்லாஹ் கூலி தருவான்," என்று மெதுவாகச் சொன்னார்.

அவன் கடற்கரைக்குப் போய்ச் சேரமுன்னரே பலகையின் படம் போய்ச் சேர்ந்திருந்தது. மண்டபத்தில் யாரோ எடுத்து முகநூலில் போட்டுவிட்டார்கள். வலை அப்போதுதான் கரைக்கு ஏறிக்கொண்டிருந்தது. யாரும் கயிற்றை விடவில்லை, யாரும் அவனைப் பார்க்கவும் இல்லை. வலைமடி கரையில் விழுந்து, கீரி மீன் துள்ளி அடங்கிய பிறகுதான் அபூசாலி நிமிர்ந்தார்.

"பார்க்குல உனக்கெண்டு தனி ஊஞ்சல் போடுறாங்களாமே, மெம்பர்."

"காக்கா, நான் சிவப்பத்தான் அமத்தின."

"ஓம், படத்துல பார்த்தம். நல்ல வடிவான சிவப்பு, இலை மாதிரி."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"அல்லா மேல சத்தியமா, காக்கா."

"அவனை இழுக்காத," என்றார் அபூசாலி. "எங்கட வாடியத்தான் இழுத்திட்டாய், அதோட நிப்பாட்டு. சாமித்தம்பியாரையும் பேசி உட்காரவெச்சிட்டாய். அந்த மனிசன் அமத்தவே இல்ல."

"அவரு அமத்தினத நான் என்ட கண்ணால கண்டன்."

"உன்ட கை அமத்தினதே உனக்குத் தெரியா. அவருட கையக் கண்டியாக்கும்."

அந்தச் சொல்தான் அவனைக் கலக்கியது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இடது கை விரலைப் பார்த்துக்கொண்டே நடந்தான். சிவப்பு மேலே இருந்ததா, கீழே இருந்ததா? மேலே. அழுத்தும்போது பார்த்துத்தானே அழுத்தினான்? பார்த்தானா, அல்லது சாமித்தம்பியைப் பார்க்கிற அவசரத்தில் விரல் வழுக்கியதா? காலையில் உறுதியாக இருந்தது, அஸர் தொழுகை நேரத்துக்குள் பாதியாகிவிட்டது. றாஹிலா சோற்றை வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"எந்தக் கையால அமத்தின நீங்க?"

"இடக் கையால. வலது எங்க எழும்புது?"

அவள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஒருவேள மெசின் இடக் கையத் தலகீழா எடுக்குமோ?"

"பேய்க் கத கதைக்காத. அதுக்கு எப்பிடித் தெரியும் எந்தக் கையெண்டு?"

"போனுக்கு விரல் வெச்சா ஆளத் தெரியுதே. இதுக்குக் கை தெரியாதா?"

அவனுக்கு அது முட்டாள்தனமான பேச்சென்று தெரியும். ஆனாலும் அதைவிட்டால் வேறு காரணமும் அவனிடம் இல்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினான்.

மறுநாள் காலையில் சாமித்தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். பலகையில் கறுப்பாக நின்ற தன் பெயரை அவருடைய ஊரிலும் கண்டுவிட்டார்கள். முஸ்லிம் பெடியனுக்குச் சொல்லைக் கொடுத்துவிட்டு நேரத்துக்கு நித்திரைகொண்டார் என்று கோயிலடியில் கதைக்கிறார்களாம். "ஏறு தம்பி. என்ட வோட்டு எங்க போனதெண்டு அவனிட்டயே கேப்பம்."

மிஹ்லார் மண்டபத்தில்தான் இருந்தார். பூங்காவில் எந்தப் பக்கம் இருக்கைகள் போடுவது என்று பேச சித்தி லைலாவும் வந்திருந்தார். கலந்தர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டான். தவிசாளருக்குச் சலித்துப்போனது.

"சரி, நேத்துப்போல குந்திக் காட்டுங்க. எப்பிடி அமத்தினீங்க எண்டு பார்ப்பம்."

கலந்தர் தன் கதிரையில் இருந்தான். இடது கை இடப்பக்கப் பெட்டிக்குப் போய்ச் சிவப்பில் நின்றது. சாமித்தம்பி தன் கதிரையில் இருந்தார். வலது கை அவருக்கு வலப்பக்கப் பெட்டிக்குப் போனது.

"ரெண்டுபேரும் ஒழுங்காத்தான் அமத்தி இரிக்கீங்க," என்றார் மிஹ்லார். "பிறகென்ன?"

"நானும் இப்பிடித்தான்," என்று சொல்லிக்கொண்டே சித்தி லைலா வந்து தன் இடத்தில் அமர்ந்தார். பிஸ்மி சொல்லி வலது கையை நீட்டினார். கை நேரே வந்து, கலந்தரின் கை இருந்த அதே பெட்டியில் விழுந்தது. இரண்டு விரலும் முட்டிக்கொண்டன. லைலா சூடு பட்டவர்போலக் கையை இழுத்தார்.

"இது என்ட பெட்டி, தம்பி."

"இல்ல ராத்தா, என்ட."

"எனக்கு வலக் கைக்கு இதுதானே?"

"எனக்கு இடக் கைக்கும் இதுதான்."

மிஹ்லார் சிரிக்கப் பார்த்தார், பிறகு முகம் மாறியது. தன் கதிரைக்குப் போய் அமர்ந்து, யாரும் சொல்லாமலே கையை நீட்டிப் பார்த்தார். வலது கை. வலப்பக்கப் பெட்டி. குனிந்து பெட்டியின் அடியைத் தடவினார். அங்கே சின்னதாக ஓர் இலக்கம் ஒட்டியிருந்தது, அடுத்த கதிரையின் இலக்கம். கொழும்புக்கு அழைப்பெடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"கதிரைக்கு இடப்பக்கம் இருக்கிற பெட்டிதான் சேர் அந்தக் கதிரைக்கு," என்றது போனில் குரல். "வலது கையால பேனை பிடிச்சு எழுதலாமே எண்டுதான் இடப்பக்கம் வெச்சது. காட்டித் தந்தமே."

மிஹ்லார் போனை வைத்தார். முஸ்லிமானாலும் தமிழரானாலும் நல்லதுக்கு நீளுகிற கை வலது கைதான். சபையில் அத்தனை பேரும் அதையே நீட்டி, அத்தனை பேரும் பக்கத்து ஆளின் பெட்டியை அழுத்தியிருக்கிறார்கள்.

"அப்ப வாக்கெடுப்பே பிழை," என்றார் சாமித்தம்பி.

லைலா விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல. வட்டமாத்தானே இரிக்கம். எல்லாரும் ஒரு பெட்டி தள்ளி அமத்தினா பேருதான் மாறும், தொகை மாறா. என்ட பச்சை கலந்தர்ட பேருல எரிஞ்ச. வட்டத்துட அந்த எல்லையில உங்கட ஆள்ர சிவப்பு றினாஸ்ட பேருல எரிஞ்ச. கூட்டிப் பார்த்தா சரி."

"அப்ப என்ட பேருல ஏன் ஒண்டும் எரியல்ல?"

"உங்கட பெட்டி உங்களுக்கும் கலந்தருக்கும் நடுவுல இரிக்கிறது. அத அமத்த வேண்டியவரு..." லைலா நிறுத்திக்கொண்டார்.

மூன்று பேரும் கலந்தரைப் பார்த்தார்கள்.

"நான் என்ட பெட்டியத்தான் அமத்தின," என்றான் அவன்.

"அதுதான் பிழை," என்றார் மிஹ்லார். உடனே தலையைச் சொறிந்தார். "பிழையெண்டு சொல்ல ஏலா. சரியாத்தான் அமத்தி இரிக்க. நீ மட்டும்தான் சரி. ஆனா நீ அமத்தினதுக்கு மேல இவங்க அமத்தி உன்ட சிவப்பு அழிஞ்சி போய்த்து. அண்ணன்ட பெட்டி சும்மா கிடந்த. சரியெண்டாலும்... ம்."

"அந்தச் சிவப்பையும் கூட்டினா சமம்," என்றார் லைலா. குரல் தணிந்திருந்தது. "சமமெண்டா எங்கட பிரேரணை விழுந்திட்டு, தவிசாளர்."

மிஹ்லார் எழும்பி யன்னலோரம் போனார். "அறிவிச்சாச்சு. மேலிடத்துக்கும் அனுப்பியாச்சு. தொகை சொன்னது மெசின், அத நான் கையால அழிக்க ஏலா. முதல் வாக்கெடுப்பே பிழையெண்டா, சாமான் தந்தவன் நம்மள என்னெண்டு நினைப்பான்? வலக்கை இடக்கை தெரியாத கூட்டமெண்டு சிரிப்பான். வேணுமெண்டா ஆறு மாசம் கழியப் புதுப் பிரேரணை கொண்டு வாங்க."

"வாடிய இடிக்கிற பெக்கோ மெசின் எப்ப வருது?" என்று கேட்டான் கலந்தர்.

"திங்கள்."

லைலா குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "எனக்குப் பூங்கா வேணும், தம்பி. இல்லெண்டு பொய் சொல்ல மாட்டன். இப்பிடி வேணா எண்டும் சொல்லத் தோணுது. ஆனா..." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வாடியில் அவனுடைய விளக்கத்தை யாரும் வாயால் கேட்டு விளங்குகிற நிலையில் இல்லை. அதனால் கலந்தர் தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கி வந்தான். இழுவைக்காரர்களை மணலில் வட்டமாக இருத்தி, ஆளுக்கு ஆள் நடுவே ஒரு சிரட்டையைக் கவிழ்த்தான்.

"இப்ப பிஸ்மி சொல்லி அவரவர் சிரட்டைய அமத்துங்க."

எல்லா வலது கையும் நீண்டது. ஒருவன் கூட இடப்பக்கம் போகவில்லை.

"நீங்க அமத்தினது பக்கத்து ஆள்ர சிரட்ட. உங்கட சிரட்ட இடப்பக்கம்."

"இது என்ட இல்லையா?" என்றான் ஒருவன். "அப்ப என்டதுல எவன்டா கை வெச்ச?" என்று பக்கத்தில் இருந்தவனைத் தள்ளினான். அவன் தன் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு எழும்பினான். வட்டம் குலைந்தது. மறுபடி இருத்தி, மறுபடி அழுத்த வைத்து, இந்த முறை கலந்தர் மட்டும் இடது கையால் அழுத்திக் காட்டினான். அவனுக்கு வலப்பக்கச் சிரட்டை தொடுவாரில்லாமல் கிடந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளங்கியதுபோலவும் இருந்தது, விளங்காததுபோலவும் இருந்தது.

அபூசாலி அந்த வெறும் சிரட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீயும் எங்களப்போல பிழையா அமத்தி இருந்தா வாடி நிக்கும்."

"ஓம், காக்கா."

"சரியா அமத்தினதால வாடி போகுது."

"ஓம்."

"இத நான் ஊட்டுல போய் எப்பிடிடா சொல்ற?"

கலந்தருக்கே அது தெரியவில்லை. தெரிந்தால் முதலில் றாஹிலாவிடம் சொல்லியிருப்பான். "நான் உங்கள விக்கல்ல காக்கா. அத மட்டும் நம்புங்க."

"நம்புறன்," என்றார் அபூசாலி. "சிரட்டையில பார்த்திட்டன். வலக் கை இருந்தா நீயும் வலக் கையத்தான் நீட்டி இருப்பாய். அந்தக் கை எங்கட கயிறு இழுத்துப் போன கை. அதையும் நான் மறக்கல்ல." சிரட்டையை மணலில் வைத்தார். "ஆனா கலந்தர், நம்பினதால வாடி நிக்காது."

திங்கட்கிழமை பெக்கோ வந்தது. அது கை வைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கிடுகையும் கம்பையும் தாங்களே கழற்றினார்கள், உடைந்தால் திரும்பக் கட்ட உதவாதே. கலந்தரும் போய் நின்றான். வலது தோளைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, இடது கையால் கம்புகளை மணலில் இழுத்து வீதியோரம் சேர்த்தான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, யாரும் கை கொடுக்கவும் வரவில்லை. நடுக்கம்பைப் பிடுங்கும்போது மட்டும் அபூசாலி மறுமுனையைப் பிடித்தார்.

"ஆறு மாசம் எண்டானே?"

"ஓம்."

"அப்ப அந்தச் சபையில நீ இரிப்பியா?"

"இரிப்பன்."

"எங்கட கணக்குல ஒரு வோட்டு நிக்குது, மெம்பர். எந்தக் கையால தாறாயோ தா."

கலந்தர் தலையாட்டினான். கம்பின் கனம் முழுதும் அவன் பக்கம் சாய்ந்தது. வாடி இருந்த இடத்தில் கம்பு நட்ட குழிகள் திறந்து கிடந்தன. வாடிக்காரருக்குக் கலந்தர் ஒரு வோட்டுக் கடன்பட்டிருந்தான், அது இன்னும் கொடுபடவில்லை.